தோட்டப்புறத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கு: புதிய எம்.பி.க்கும் புதிய செனட்டருக்கும் ஒரு கையேடு

புதிதாக ஜெயித்த எம்.பி.க்கும், புதிதாக நியமனம் பெற்ற செனட்டருக்கும், அவர்களுடைய சேவை மையத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கும் இந்தக் குறிப்பு. உதாரணத்துக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டை எடுத்துக்கொள்கிறோம். பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த ஊர், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1959 முதல் நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்த தொகுதி. பகாவ், பீடோர், பாடாங் செராய் என்று ஊர்ப்பெயரை மாற்றிப் போட்டாலும் வேலை இதேதான்.

ஜெயித்து வருகிறவருக்கு மேடையில் பேசத் தெரியும். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தவறுவதெல்லாம் காகிதத்தில், தேதியில், எந்தப் பிரச்சினைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதில். ஆகவே பேச்சை விட்டுவிட்டு இவற்றைப் பார்ப்போம்.

அரசிதழ் வெளியான நாளைக் குறித்து வையுங்கள்

முடிவு அறிவிக்கப்பட்ட இரவைவிட, அந்த முடிவு அரசிதழில் வெளியான தேதிதான் முக்கியம். அன்றிலிருந்து இரண்டு கணக்கு ஓடத் தொடங்கும்.

முதலாவது 21 நாள். தோற்றவரோ வாக்காளரோ தேர்தலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய 1954-ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டம் கொடுக்கும் காலம் அது. ஒவ்வொரு வாக்களிப்பு வரிசையிலும் உங்கள் ஏஜெண்டுகள் வாங்கிய பாரம் 14, அதாவது எண்ணிக்கை முடிந்ததும் கையெழுத்திட்டுக் கொடுக்கும் தாள், ஒன்றுகூடக் குறையாமல் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். பல ஏஜெண்டுகள் அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாளே ஆள் அனுப்பி வாங்குங்கள். ஓட்டு வித்தியாசம் குறைவாக இருந்தால் அந்தத் தாள்கள்தான் உங்களுக்குக் காவல்.

இரண்டாவது 31 நாள். அதற்குள் தேர்தல் செலவுக் கணக்கை மாநிலத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஜெயித்தவரும் கொடுக்க வேண்டும், தோற்றவரும் கொடுக்க வேண்டும். உச்சவரம்பு நாடாளுமன்றத் தொகுதிக்கு 200,000 வெள்ளி (ரிங்கிட்), சட்டமன்றத் தொகுதிக்கு 100,000 வெள்ளி. காலத்துக்குள் கொடுக்காவிட்டால் அரசியலமைப்பின் 48-ஆவது விதிப்படி உறுப்பினர் தகுதியே போய்விடும். அந்தத் தகுதியிழப்பு 5 ஆண்டு வரை நீடிக்கும். மக்கள் கொடுத்த பதவியை ரசீது இல்லாமல் இழப்பதைப் போல வேதனை வேறில்லை.

தோட்டப்புறத்தில் இந்தக் கணக்கு சிக்குவது பெரிய தொகையில் இல்லை. கனோப்பி (கூடாரப் பந்தல்), நாற்காலி, ஒலிபெருக்கி கட்டிய லோரி, ராத்திரிக் கூட்டத்துக்கு வந்த மீஹூன் பொட்டலம், இவற்றில்தான் சிக்கும். கடைக்காரர் தெரிந்தவர், 'அப்புறம் பார்த்துக்கலாம் அண்ணே' என்று சொல்லி பில் போடாமலே கொடுத்திருப்பார். தேர்தல் முடிந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு கடையாகப் போய்த் தேதியும் முத்திரையும் உள்ள பில் வாங்கிவிடுங்கள். பேராக்கில் 2022-இல் நடந்ததுபோல நாடாளுமன்றத் தேர்தலும் சட்டமன்றத் தேர்தலும் ஒரே நாளில் நடந்தால் இன்னொரு வேலையும் சேரும். நாடாளுமன்ற வேட்பாளர் ஒருவர், சட்டமன்ற வேட்பாளர் இருவர் என மூன்று பேருக்கும் பொதுவாகப் போட்ட கனோப்பியின் செலவை யார் கணக்கில் எவ்வளவு என்று பிரித்து, மூவருடைய தாளிலும் ஒத்துப்போகிற மாதிரி எழுத வேண்டும். மூன்று பேரின் தேர்தல் ஏஜெண்டுகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பிரித்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். தனித்தனியாகச் செய்தால் எண்கள் நிச்சயம் மோதும்.

பதவிப் பிரமாணம்

பொதுத் தேர்தலுக்குப் பிறகு கிடைக்கும் அவகாசம் குறைவு. 15-ஆவது பொதுத் தேர்தல் நடந்தது 2022 நவம்பர் 19. மக்களவை முதல்முறை கூடியது டிசம்பர் 19. பாடாங் செராயில் வேட்பாளர் எம். கருப்பையா வாக்களிப்புக்குச் சில நாள் முன் காலமானதால் அங்கே டிசம்பர் 7-இல்தான் வாக்களிப்பு. அந்தத் தொகுதியில் ஜெயித்தவருக்கு இடையில் இருந்தது 12 நாள் மட்டுமே. அந்த முதல் நாளிலேயே சபாநாயகர் தேர்தல் வாக்களிப்புக்குப் போய் 147-க்கு 74 என்று முடிந்தது. பிரதமர் மீதான நம்பிக்கைத் தீர்மானமும் அன்றே வந்தது. ஆக, 'முதல் நாள் சடங்குதான், பிறகு பழகிக்கொள்ளலாம்' என்று எண்ணிப் போகக் கூடாது.

நாடாளுமன்றச் செயலகத்திலிருந்து வரும் அழைப்புக் கடிதத்தை எம்.பி.யே வரிவரியாகப் படிக்க வேண்டும். பதிவு எந்த நாள், எத்தனை மணி, பிரமாண நாளுக்கு என்ன உடை, மாமன்னர் திறந்து வைக்கும் நாளுக்கு என்ன உடை, குடும்பத்தார் எத்தனை பேர் பார்வையாளர் மாடத்தில் உட்காரலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஊரிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆதரவாளரைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிற்க வைத்தால் அவர்களுக்குத்தான் ஏமாற்றம். இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு அழையுங்கள்.

பிரமாண வாசகம் அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணையில் உள்ளது. கடமையை இயன்ற அளவு உண்மையாகச் செய்வேன், மலேசியாவுக்கு விசுவாசமாக இருப்பேன், அரசியலமைப்பைப் பேணிக் காப்பேன் என்ற மூன்று பகுதி. மலாயில் வாசித்துக் கையெழுத்திட வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவரானாலும் சரி, பல்கலைக்கழகம் போனவரானாலும் சரி, முந்தின நாள் சத்தம் போட்டு நாலு தடவை வாசித்துப் பாருங்கள். நேரலையில் ஊரே பார்க்கும்.

பிரமாணம் எடுக்காத உறுப்பினர் சபாநாயகர் தேர்தலில் மட்டும் கலந்துகொள்ளலாம். வேறு எதிலும் உட்கார முடியாது. 59-ஆவது விதிப்படி, தேர்தலுக்குப் பின் அவை முதல்முறை கூடிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் இருக்கையை ஏற்காவிட்டால், அவை கூடுதல் காலம் கொடுத்தாலொழிய இடம் காலியாகிவிடும். நோயில் படுத்திருப்பவர் உடனே எழுத்து மூலம் சபாநாயகருக்குத் தெரிவிக்க வேண்டும். இடைத்தேர்தலில் ஜெயித்தவர் அடுத்த கூட்டத்தொடரில் தனியாகப் பிரமாணம் எடுப்பார். அவருக்கும் இதே விதிதான்.

இன்னொன்றையும் முதல் நாளிலிருந்தே மனத்தில் வைத்திருக்க வேண்டும். 2022 அக்டோபர் 5 முதல் நடப்பில் உள்ள கட்சித்தாவல் தடை, அதாவது விதி 49ஏ, மக்களவை உறுப்பினரைக் கட்டிப்போடுகிறது. கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர் கட்சியை விட்டு விலகினாலும், சுயேச்சையாக ஜெயித்தவர் ஒரு கட்சியில் சேர்ந்தாலும் இடம் காலியாகும். கட்சியே அவரை நீக்கினால் இடம் போகாது. கோபத்தில் எழுதும் ஒரு ராஜினாமாக் கடிதம் தொகுதியையே இடைத்தேர்தலுக்குத் தள்ளிவிடும்.

செனட்டருக்கு வேறு பாதை

மேலவையில் 70 இடம். 13 மாநிலச் சட்டமன்றங்களும் தலா 2 பேரைத் தேர்ந்தெடுக்கும், அது 26. மீதி 44 பேரை மாமன்னர் நியமிப்பார். அதில் 4 இடம் கூட்டரசுப் பிரதேசங்களுக்கு. வயது 30 நிரம்பியிருக்க வேண்டும். மக்களவைக்கு 18 போதும். தவணை 3 ஆண்டு, ஒருவர் வாழ்நாளில் இரண்டு தவணைக்கு மேல் இருக்க முடியாது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டாலும் செனட்டரின் தவணை ஓடிக்கொண்டே இருக்கும்.

பொதுச்சேவையில் சிறந்தவர், தொழில், வணிகம், விவசாயம், கலை, சமூகப்பணி ஆகியவற்றில் பெயர் பெற்றவர், சிறுபான்மை இனத்தின் பிரதிநிதி என்று 45-ஆவது விதி நியமனத்துக்கான தகுதியைச் சொல்கிறது. அரசியலமைப்பே இப்படி எழுதியிருப்பதால், தோட்டப்புற மக்களுக்காகப் பேசுவதை இந்திய செனட்டர் யாரிடமும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. அது அவருடைய இருக்கையின் காரணத்திலேயே இருக்கிறது.

மேலவைக் கூட்டம் இல்லாத காலத்திலும் புதிய செனட்டர் நாடாளுமன்றக் கட்டடத்தில் மேலவைத் தலைவர் முன்னிலையில் பிரமாணம் எடுப்பதுண்டு. அதற்குரிய தேதியைச் செயலகம் சொல்லும். செனட்டருக்குத் தொகுதி கிடையாது என்பதை ஊர்மக்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. எம்.பி.க்கு மாதப்படி 16,000 வெள்ளி, செனட்டருக்கு 11,000. இரண்டுமே கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். திருவிழா, கல்யாணம், மரணம், பள்ளி விளையாட்டுப் போட்டி என்று வரும் நன்கொடைக் கேள்விக்கெல்லாம் கை நீட்டினால் மாதம் பாதியிலேயே தீர்ந்துவிடும். மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு போட்டு, எல்லாக் கோயிலுக்கும் ஒரே அளவு என்று வைப்பதுதான் மனக்கசப்பு வராமல் காக்கும்.

கேள்வி எழுதும் கலை

மக்களவை வழக்கமாகத் திங்கள் முதல் வியாழன் வரை காலை 10 மணிக்குக் கூடும்; முதல் ஒன்றரை மணி நேரம் கேள்வி நேரம். புதிய உறுப்பினரின் மிகப் பெரிய ஆயுதம் இதுதான். கேள்வியைக் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே அனுப்ப வேண்டும், கடைசித் தேதி செயலகக் கடிதத்தில் இருக்கும். அதைத் தவறவிட்டால் அந்தக் கூட்டத்தொடர் முழுவதும் மற்றவர் கேள்விக்குத் துணைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு கேள்வியும் ஒரே வாய்பாட்டில் தொடங்கும்: 'மிந்தா மெந்தெரி சும்பெர் மனுசியா மெஞாத்தாக்கான்', அதாவது மனிதவள அமைச்சர் தெரிவிக்க வேண்டும் என்று. அதற்குப் பின் வருவதில்தான் திறமை இருக்கிறது.

'தோட்டத் தொழிலாளர் வீடுகள் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கின்றன, அரசாங்கம் என்ன செய்யப் போகிறது?' என்று கேட்டால், அரசாங்கம் தொழிலாளர் நலனில் என்றும் அக்கறை கொண்டுள்ளது என்று தொடங்கும் ஒரு பக்கப் பதில் வரும். அதை வைத்து ஒரு கூரைத் தகடுகூட மாற்ற முடியாது. அதே விஷயத்தை இப்படிக் கேளுங்கள்: தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தைச் சொல்லும் சட்டம் 446-இன் கீழ், சுங்கை சிப்புட் இருக்கும் கோலகங்சார் மாவட்டத்தில் கடந்த மூன்று ஆண்டில், ஆண்டுவாரியாக, எத்தனை தோட்டங்களின் தொழிலாளர் குடியிருப்புகள் சோதனையிடப்பட்டன, எத்தனைக்குத் திருத்த உத்தரவு கொடுக்கப்பட்டது, எத்தனை முதலாளிகள்மேல் வழக்கு, மொத்த அபராதம் எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வந்தாக வேண்டும். சோதனை 'பூஜ்யம்' என்று வந்தாலும் அதுவே பெரிய பதில்தான். இலாகா அதிகாரி அந்த வாரமே தோட்டத்துக்கு வண்டி எடுப்பார்.

எண்கள் வேண்டுமென்றால் எழுத்துப்பூர்வக் கேள்வியாகப் போடுங்கள். 'எப்போது முடியும்' என்று அமைச்சரின் வாயால் வாக்குறுதி வேண்டுமென்றால் வாய்மொழிக் கேள்வியாகப் போடுங்கள். நேரம் இல்லாமல் அவையில் எட்டாத வாய்மொழிக் கேள்விக்கும் எழுத்தில் பதில் வரும். பட்டியலில் கடைசியில் விழுந்தது என்று சோர்ந்துவிட வேண்டாம். உங்கள் கேள்வி எட்டும் நாளில் துணைக் கேள்வியைத் தாளில் எழுதி வைத்திருங்கள். பதிலைக் கேட்ட பிறகு யோசித்தால் நீண்டுவிடும், சபாநாயகர் நிறுத்திவிடுவார்.

கேள்வி தள்ளுபடியாவதற்கு வழக்கமான காரணங்கள்: வாதம் செய்வது, கற்பனை நிலையைக் கேட்பது, நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கைத் தொடுவது. தோட்டத்தைக் காலி செய்யச் சொல்லிக் கம்பெனி வழக்குப் போட்டிருந்தால், அந்தத் தோட்டத்தின் பெயரைப் போடாமல், வேலை இழந்த தோட்டத் தொழிலாளருக்கு வீடு கொடுக்கும் கொள்கை என்ன என்று பொதுவாகக் கேட்கலாம்.

ஊர் அளவிலான பிரச்சினைக்குக் 'காமார் காஸ்' என்னும் தனி அவையும் உண்டு. உறுப்பினர் ஒரு விஷயத்தை எடுத்துப் பேசுவார், அமைச்சின் தரப்பு பதில் சொல்லும். பத்திரிகையில் பெரிதாக வராது என்பதால் பலர் இதைப் பயன்படுத்துவதில்லை. ஒரு தமிழ்ப்பள்ளியின் நின்றுபோன கட்டடத்தைப் பற்றி முழுதாகப் பேச இதைவிட நல்ல இடம் இல்லை என்பது எங்கள் கருத்து. அதேபோல் பட்ஜெட்டின் குழுநிலை விவாதத்தில் ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீடும் தனித்தனியாக வரும். தமிழ்ப்பள்ளிக்கு ஒதுக்கிய தொகையில் எவ்வளவு செலவானது என்று கேட்க அதுதான் நேரம்.

அவைக்குள் பேசியதற்காக உங்கள்மேல் வழக்குப் போட முடியாது என்கிறது விதி 63, தேசநிந்தனை போன்ற சில விலக்குகளோடு. அந்தக் காப்பு அவைக்குள் மட்டும்தான். ஒரு தோட்ட மேனேஜரைப் பற்றி அவையில் சொன்னதையே ஊர்க் காப்பிக்கடையில் சொல்லி யாராவது முகநூலில் போட்டுவிட்டால், வக்கீல் கடிதம் வந்து சேரும்.

எந்தக் கதவு

சேவை மையத்துக்கு வரும் மனுக்கள் ஆண்டுக்கணக்கில் நகராமல் கிடப்பதற்கு முக்கியக் காரணம், கூட்டரசு வேலையும் மாநில வேலையும் கலந்துபோவது. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை இதைப் பிரித்து வைத்திருக்கிறது.

நிலம் மாநிலத்தின் கையில். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தை விற்கவோ துண்டு போடவோ, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி மாநிலத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவுக்கு வந்த கொடுமையின் பின்னணியில் பிறந்த ஏற்பாடு இது; அதே துயரத்துக்குப் பதிலாகத்தான் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் கைமாறப் போகிறது என்று காதில் விழுந்த அன்றே, சுங்கை சிப்புட் எம்.பி. தன் தொகுதிக்குள் இருக்கும் லிந்தாங், ஜாலோங் சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்க்க வேண்டும், அவர்கள் எந்தக் கட்சியானாலும். நாடாளுமன்றத்தில் கேட்டால் 'இது மாநில விவகாரம்' என்ற ஒரு வரிதான் கிடைக்கும். கோயில் நிலமும் அப்படியே.

தொழிலாளர் குடியிருப்பு, சம்பளம், ஆட்குறைப்பு இழப்பீடு எல்லாம் கூட்டரசு; தொழிலாளர் இலாகா. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வெட்டுக்கூலி, குலைக்கூலி என்று கணக்குப் போட்டாலும் மாதத் தொகை அதற்குக் கீழே போகிறதா என்று சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள்.

தமிழ்ப்பள்ளி கல்வி அமைச்சின் கீழ். ஆனால் பள்ளி நிற்கும் நிலம் கம்பெனியுடையதா, அரசாங்கத்துடையதா என்று முதலில் நிலப் பட்டாவைப் பாருங்கள். நிலம் கம்பெனி பெயரில் இருந்தால் பள்ளி பெரும்பாலும் பகுதி உதவி பெறும் பள்ளியாகவே இருக்கும், கட்டட ஒதுக்கீடும் அதற்கேற்பத் தடைபடும். அங்கே முதல் வேலை நிலத்தை வாங்கித் தருவது.

ஐ.சி. என்னும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், குடியுரிமை ஆகியவை தேசியப் பதிவிலாகாவின் வேலை. உள்துறை அமைச்சரிடம் கேட்க வேண்டும். பட்டணத்துக் குப்பையும் சாக்கடையும் கோலகங்சார் நகராண்மைக் கழகம், ஆகவே மாநிலம். தோட்ட வேலிக்கு உள்ளே இருக்கும் சாலை கம்பெனியின் சொந்தம். பொதுப்பணி அமைச்சரிடம் கேட்டு ஒரு கேள்வியை வீணாக்க வேண்டாம். இந்தியச் சமூக மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ரா சில ஆண்டுகளுக்குள் அமைச்சு விட்டு அமைச்சு மாறியிருக்கிறது; கேள்வி அனுப்பும் வாரத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

சேவை மையம்

காலை 9 முதல் மாலை 5 வரை திறந்து வைத்தால் தோட்டத்து ஆள் வரமாட்டார். பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு, விடியுமுன் நடக்கும், வேலை முடிந்து குளித்துப் புறப்படப் பிற்பகல் ஆகிவிடும். பிற்பகல் 3 முதல் இரவு 8, ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகங்களோடு போனில் பேச மட்டும் காலையில் ஒருவர் இருந்தால் போதும். இருவர் கட்டாயம் வேண்டும்: அரசாங்க மலாயில் கடிதம் எழுதத் தெரிந்தவர் ஒருவர், எந்தத் தோட்டத்தில் எந்த டிவிசன் (பிரிவு), யார் கிராணி (எழுத்தர்), யார் மண்டோர் (மேற்பார்வையாளர்) என்று தெரிந்தவர் ஒருவர்.

ஒரு தடித்த பதிவேடு போடுங்கள். தேதி, பெயர், தோட்டமும் டிவிசனும், பிரச்சினை, கொண்டு வந்த ஆவணம், அனுப்பிய இலாகா, இலாகா கொடுத்த கோப்பு எண், மறுபடி கேட்க வேண்டிய தேதி. கோப்பு எண் இல்லாத கடிதம் இலாகாவில் இல்லாத கடிதம். எண் கிடைக்கும்வரை விடாதீர்கள். ஐ.சி. நகல்களை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

அதிகம் வரும் மனு குடியுரிமை. அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டுக்காரர், கோயிலில் தாலி கட்டிப் பிள்ளை பிறந்துவிட்டது, திருமணம் பதிவாகவில்லை. அப்படியானால் சட்டத்தின் கண்ணில் பிள்ளை தாயின் நிலையைத்தான் பெறும். 1982 மார்ச் 1 முதல் பதிவு கட்டாயம். பெற்றோர் பிறகு பதிவு செய்தாலும் பிள்ளையின் நிலை தானாக மாறாது. இதற்கு விதி 15ஏ-இன் கீழ் விண்ணப்பிக்கலாம், ஆனால் சட்டம் சொல்லும் வயது வரம்புக்குள். பள்ளியில் சேர்க்க வரும்போதே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். வரம்பு நெருங்கும்போது வந்தால் நேரம் போதாது. பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் ஆவணங்கள், தடுப்பூசிப் புத்தகம், பள்ளிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சேர்த்து அனுப்புங்கள். ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒவ்வொன்றும் ஒரு மேசையில் நிற்கும்.

ஆதரவுக் கடிதம் கேட்டு நிறையப் பேர் வருவார்கள். பள்ளி, மருத்துவம், மக்கள் நல உதவி ஆகியவற்றுக்குக் கொடுக்கலாம். குத்தகைக்கும் லைசென்ஸுக்கும், அதிலும் சொந்தக்காரருக்கு, ஒருபோதும் வேண்டாம். எம்.பி.யும் பொது அமைப்பின் அதிகாரி என்றே ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் கொள்கிறது. பதவியைப் பயன்படுத்தித் தனக்கோ உறவினருக்கோ லாபம் தேடுவது அதன் 23-ஆவது பிரிவில் குற்றம்.

கூட்டத்தொடர் முடிந்ததும் உங்கள் கேள்விகளுக்கு வந்த பதில்களை நாடாளுமன்ற இணையத்தளத்திலிருந்தும், அவைப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டிலிருந்தும் எடுத்து, ஒரே பக்கத் தமிழில் சுருக்கி, பதிவேட்டில் அந்தப் பிரச்சினையைக் கொண்டு வந்தவரின் வீட்டுக்கே கொடுத்து அனுப்புங்கள். பதிலில் உள்ள எண் தவறு என்று முதலில் கண்டுபிடிக்கிறவர் அவர்தான். அவர் சொல்லும் திருத்தமே அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வி. செயலகத்தின் கடைசித் தேதிக்கு முந்தைய வாரமே அதை எழுதி முடித்துவிடுங்கள்.